பள்ளிப் பட்டறையில் ஸ்டெர்லிங் இயந்திரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டில், இடைநிலைப்பள்ளி ஒன்றின் பட்டறையில் சனிக்கிழமைக் காலைகளில் மாணவர்கள் பால் டின்னையும் சைக்கிள் கம்பியையும் கொண்டு ஒரு சிறிய வெப்பக்காற்று இயந்திரத்தைச் செய்துவருகிறார்கள். அதைப் பற்றிப் பெற்றோரும் பிற பள்ளி ஆசிரியர்களும் மாணவர்களும் கேட்ட கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. தோட்டப்புற ஊர்களில் இதைச் செய்து பார்க்க விரும்புவோரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறோம். குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைகளை அப்படியே பின்பற்றினால் இங்கே சில இடங்களில் கால் இடறும் என்பதை நாங்கள் பட்டே தெரிந்துகொண்டோம்.

ஸ்டெர்லிங் இயந்திரம் என்பது என்ன?

மூடிய கலத்துக்குள் அடைபட்ட காற்றை மாறிமாறிச் சூடாக்கியும் குளிரவைத்தும், அது விரிந்து சுருங்கும் அசைவிலிருந்து வேலை வாங்கும் இயந்திரம் அது. கார் இயந்திரத்தில் எரிபொருள் உருளைக்குள்ளேயே எரிந்து புகையாக வெளியேறுகிறது. ஸ்டெர்லிங் இயந்திரத்தில் நெருப்பு வெளியே நிற்கிறது. உள்ளிருக்கும் காற்றோ வெளியே போவதே இல்லை. ஆகவே வெப்பம் எதிலிருந்து வருகிறது என்பது அதற்கு ஒரு பொருட்டன்று. மெழுகுவத்தி, விறகு, தேங்காய்ச் சிரட்டை, வெயில், ஒரு குவளைச் சூடான கோப்பி என எதுவானாலும் ஒரு பக்கம் சூடாகவும் மறுபக்கம் அதைவிடக் குளிர்ச்சியாகவும் இருந்தால் போதும். இதில் "மறுபக்கம் குளிர்ச்சியாகவும்" என்ற பாதியைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். கீழே வரும் விடைகளில் பல, சுற்றிச் சுற்றி அந்தப் பாதிக்கே வந்து சேரும்.

இதைக் கண்டுபிடித்தவர் யார்?

ஸ்காட்லாந்தில் 1790இல் பிறந்த ராபர்ட் ஸ்டெர்லிங். அவர் பொறியாளர் அல்லர், தேவாலயப் போதகர். இதைக் கேட்டதும் மாணவர்கள் நம்ப மறுப்பது வழக்கம். 1816இல் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தபோது, வீணாகும் வெப்பத்தைச் சேமித்துத் திருப்பித் தரும் அமைப்பே அதில் முதன்மையான புதுமையாக இருந்தது. 1818இல் அவருடைய இயந்திரம் ஒன்று ஏர்ஷயரில் உள்ள கல்லுடைப்புக் குழியிலிருந்து நீர் இறைத்தது. பின்னர் பொறியாளரான அவருடைய தம்பி ஜேம்ஸ், டண்டி நகரத்து வார்ப்பாலையில் 1843இல் ஒரு பெரிய இயந்திரத்தை இதே முறைக்கு மாற்றி ஓட்டினார். இடைவிடாத சூட்டை அக்காலத்து இரும்பு தாங்காமல் சூட்டுப்பக்கத்து உருளைகள் பழுதடைந்ததால், சில ஆண்டுகளிலேயே அங்கே நீராவி திரும்பி வந்துவிட்டது. இயந்திரத்தின் கருத்து சரியாக இருந்தும் உலோகம் ஈடுகொடுக்கவில்லை. எங்கள் பட்டறையிலும் பெரும்பாலும் இதேதான் நடக்கிறது.

எந்த வகுப்பு மாணவர்களால் செய்ய முடியும்? எத்தனை நாள் பிடிக்கும்?

இரண்டாம் படிவத்திலிருந்து தாராளமாகச் செய்யலாம். மூன்று பேர் கொண்ட குழுவுக்கு, இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அல்லது ஆறு சனிக்கிழமைகள் தேவைப்படும். முதல் மூன்று வாரங்கள் செய்வதற்கு. மீதி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பதற்கு. தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம், ஆறாம் ஆண்டில் படிப்பவர்கள் செய்ய விரும்பினால், தகரம் வெட்டுவதையும் துளையிடுவதையும் பெரியவர் ஒருவர் செய்து கொடுக்க வேண்டும்.

என்னென்ன பொருட்கள் வேண்டும்? அவற்றை எங்கே வாங்குவது?

பெரும்பாலானவற்றை வாங்கவே வேண்டியதில்லை. உடலாக இருப்பது கெட்டிப்பால் டின். ஒட்டுக்கடைகளில் நாள்தோறும் காலியாகும் இந்த டின்னின் விட்டம் சுமார் 7.5 செ.மீ., உயரம் சுமார் 8 செ.மீ. மேல்பக்கத்தை விளிம்பு ஒட்டத் திறந்து, உள்ளே சோப்பு நீரால் கொழுப்புப் போகக் கழுவிக் காயவைக்க வேண்டும். கழுவாமல் சூடாக்கினால் பால் கருகும் நாற்றம் பட்டறையை விட்டுப் போக ஒரு வாரம் ஆகும். சில டின்களின் உட்புறத்தில் மெல்லிய பூச்சு இருக்கும். எனவே முதல் முறை சூடாக்குவதைத் திறந்தவெளியில் செய்துவிடுவது நல்லது. துத்தநாகம் பூசிய தகட்டை நெருப்புப் படும் இடத்தில் பயன்படுத்தக் கூடாது, அதன் புகை நுரையீரலுக்குத் தீங்கானது.

டின்னுக்குள் மேலும் கீழும் அசையும் உருளைக்கு, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைச் சுருட்டிப் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் டிஸ்பிளேசர் எனப்படும் அதை நாங்கள் பட்டறையில் "நகர்த்தி" என்று அழைக்கிறோம். அதன் விட்டம் 7 செ.மீ., உயரம் 5 செ.மீ. அதைத் தாங்க மெல்லிய எஃகுக் கம்பி வேண்டும். அந்தக் கம்பி மூடியின் வழியே வழுக்கிச் செல்ல, பழைய வானொலியின் இழுத்து நீட்டும் ஏரியலிலிருந்து வெட்டிய 4 செ.மீ. குழல் மிகப் பொருத்தமானது. கம்பிக்குச் சரியாகப் பொருந்தும் அளவுள்ள துண்டு அந்த ஏரியலிலேயே கிடைத்துவிடும். மேலும் கீழுமான அசைவைச் சுழற்சியாக மாற்றும் வளைந்த தண்டான கிராங்குத் தண்டுக்குச் சைக்கிள் ஸ்போக் கம்பி, உந்துசக்கரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிய மூன்று பழைய சிடி தட்டுகள், உள்ளே காற்று விரிந்து சுருங்கும்போது உப்பி அடங்கும் ரப்பர் சவ்வைப் பிணைக்க ஒன்றரை அங்குல பிவிசி முழங்கைக் குழாய், சவ்வின் நடுவில் இருபுறமும் வைத்துப் பிடிக்க இரண்டு சட்டைப் பொத்தான்கள், ஒட்டுவதற்கு இரண்டு குழல்களைக் கலக்கும் எப்பாக்சிப் பசை, வெப்பம் தாங்கும் சிலிகான் ஆகியவை வேண்டும். பசையையும் சிலிகானையும் கடைவீதியில் உள்ள எந்த இரும்புக்கடையிலும் வாங்கலாம். ஓர் இயந்திரத்துக்கு இருபது வெள்ளிக்கு மேல் செலவானால் எங்கோ தேவையில்லாததை வாங்கியிருக்கிறீர்கள் என்று பொருள்.

பிவிசிக் குழாய் சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். ஆகையால் அதை டின்னின் மேற்பகுதியில், குளிர்ப்பக்கத்தில்தான் பொருத்த வேண்டும். ஈயப் பற்று வைப்பதற்கும் இதே விதி பொருந்தும். சாதாரண வெள்ளீயக் காரீயப் பற்று 183 முதல் 190 டிகிரிக்குள் உருகிவிடும். முதல் ஆண்டில் ஒரு குழு, டின்னின் அடியில் இருந்த சிறு துளையை அழகாகப் பற்றுவைத்து அடைத்துவிட்டு மெழுகுவத்தியை ஏற்றியது. சற்று நேரத்தில் பற்று உருகி, சொட்டுச் சொட்டாக மெழுகுவத்தியின்மேலேயே விழுந்தது.

ரப்பர் சவ்வுக்குப் பலூன் நல்லதா, கையுறை நல்லதா?

கையுறை. உலகிலேயே மிக அதிகமாக ரப்பர் கையுறை செய்யும் நாட்டில் இருந்துகொண்டு பலூனைத் தேடி அலைய வேண்டியதில்லை. மருத்துவக் கையுறையின் உள்ளங்கைப் பகுதி மெல்லியதாகவும் ஒரே தடிப்பாகவும் இருக்கிறது. அதில் இயற்கை ரப்பரால் ஆனதையே கேட்டு வாங்குங்கள். நைட்ரைல் கையுறை விறைப்பானது, இந்தச் சிறிய இயந்திரத்தின் ஆற்றலில் பாதியை அதை வளைப்பதிலேயே இழந்துவிடுவோம். ஆனால் இயற்கை ரப்பருக்கு எண்ணெய் பகை. தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி பட்டாலும் அந்த இடம் ஊதி, தளர்ந்து, சில நாளில் கிழியும். மாணவர்களில் எவருக்கேனும் ரப்பர் பால் ஒவ்வாமை இருந்தால் மட்டும் நைட்ரைலைப் பயன்படுத்தி, சற்று வேகக் குறைவை ஏற்றுக்கொள்ளலாம்.

சவ்வை முரசுத்தோல் போல இழுத்துக் கட்டுவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அது தொய்வாக, நடுவில் விரலால் அழுத்தினால் ஒரு செ.மீ. வரை எதிர்ப்பின்றி உள்ளே போகும்படி இருக்க வேண்டும்.

நம் பிள்ளைகளின் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் எழுந்து வெட்டிய பாலிலிருந்து வந்ததுதான் இந்த ரப்பர் என்பதால், இதை வெறும் "மெட்டீரியல்" என்று சொல்லிக் கடந்துபோக எனக்கு மனம் வருவதில்லை. 1877இல் சிங்கப்பூர் வழியாக வந்த கன்றுகளில் ஒன்பதை, பேராக்கின் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ, பக்கத்து ஊரான கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறையைச் சேர்ந்ததாகக் காட்டப்படும் முதிய மரம் ஒன்று அங்கே இன்னும் நிற்கிறது. சுற்றியிருந்த பால்மரக் காடெல்லாம் செம்பனையாகிவிட்ட பிறகு, மாணவர்களில் பலர் பால்மரத்தை முதன்முதலில் பார்ப்பது அங்கே அழைத்துச் செல்லும்போதுதான்.

நகர்த்தி எதற்கு? அது பிஸ்டன்தானே?

இல்லை. இந்த ஒரு குழப்பம் நீங்கினால் இயந்திரத்தின் முக்கால் பகுதி புரிந்துவிடும். அப்பாவின் மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் பார்த்த மாணவர்கள், உருளைக்குள் அசைவதெல்லாம் பிஸ்டன் என்று எண்ணி, நகர்த்தியைச் சுவரோடு இறுக்கமாகப் பொருந்தும்படி செய்துவிடுகிறார்கள். நகர்த்தியோ சுவரைத் தொடவே கூடாது. அதைச் சுற்றி 2 முதல் 3 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளி வழியாகவும் நாரின் ஊடாகவும் காற்று மேலும் கீழும் போய்வர வேண்டும்.

டின்னின் அடி சூடு, மேல்பக்கம் குளிர். நகர்த்தி மேலே ஏறும்போது காற்று கீழே தள்ளப்பட்டு, சூடான அடித்தகட்டைத் தொட்டு விரிகிறது. அழுத்தம் ஏறிச் சவ்வு வெளியே உப்புகிறது. நகர்த்தி கீழே இறங்கும்போது அதே காற்று மேலே போய்க் குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் வெளியே உள்ளதைவிடக் குறைந்துவிடுவதால், வெளியிலுள்ள வளிமண்டலமே சவ்வை உள்ளே தள்ளுகிறது. ஆகவே சுற்றில் ஒரு பாதியை மெழுகுவத்தியும் மறுபாதியை நாம் மூச்சு விடும் காற்றும் தள்ளுகின்றன. வேலை வாங்கப்படுவது சவ்வின் வழியாகத்தான். நகர்த்தி காற்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்பும் வாயிற்காவலர் போன்றது. அது தள்ளுவதுமில்லை, தள்ளப்படுவதுமில்லை. எனவே அதை அசைக்க மிகச் சிறிய விசையே போதும்.

இரும்பு நாரைத் தேர்ந்தெடுத்ததற்கு எடை குறைவு என்பதைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. சூடான காற்று நாரின் ஊடாக மேலே போகும்போது தன் வெப்பத்தில் ஒரு பகுதியை நாரிடம் விட்டுச் செல்கிறது. குளிர்ந்து திரும்பும்போது அதை வாங்கிக்கொள்கிறது. ராபர்ட் ஸ்டெர்லிங் 1816இல் உரிமை கோரியது இதைத்தான். ஐந்து நிமிடம் ஓடிய இயந்திரத்தை ஆறவைத்துப் பிரித்து, நாரின் அடிப்பகுதி மட்டும் நிறம் மாறியிருப்பதைக் காட்டினால், அந்தக் காப்புரிமைப் பத்திரத்தைப் படிக்கத் தேவையில்லை.

காலிக் குளிர்பான டின்னையே நகர்த்தியாக இறக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அதன் விட்டம் 6.6 செ.மீ. என்பதால் இடைவெளி 4 மி.மீ.க்கு மேல் போய்விடுகிறது; அலுமினியம் சூட்டை அடியிலிருந்து மேலே கடத்திவிடவும் செய்யும். இயந்திரம் ஓடலாம், ஆனால் சோம்பலாக ஓடும். அப்படிச் செய்தே ஆக வேண்டுமென்றால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து டின்னைச் சிதைக்காமல் இருக்க ஓர் ஊசித்துளை இட்டுக்கொள்ளுங்கள்.

கிராங்குத் தண்டின் இரண்டு வளைவுகளும் ஏன் ஒரே திசையில் இல்லை?

நகர்த்திக்கான வளைவு, சவ்வுக்கான வளைவைவிடக் கால் சுற்று, அதாவது 90 டிகிரி, முன்னால் செல்ல வேண்டும். காற்று சூடாக நேரம் வேண்டும் அல்லவா? நகர்த்தி உச்சிக்குப் போய்க் காற்று சூடேறிக்கொண்டிருக்கும் நேரத்தில் சவ்வு பாதிவழியில், வெளிநோக்கி விரைந்துகொண்டிருக்க வேண்டும். இரண்டு வளைவுகளும் ஒரே திசையில் இருந்தால் தள்ளும் விசை ஒரு பாதிச் சுற்றில் கிடைத்ததை மறுபாதியில் பறிகொடுத்துவிடும். நகர்த்தியின் மொத்த அசைவு 2.5 செ.மீ. என்றால் வளைவின் நீளம் அதில் பாதி, 12.5 மி.மீ. சவ்வின் அசைவு 8 மி.மீ. போதும்; வளைவு 4 மி.மீ. சவ்வுக்குப் பெரிய அசைவு கொடுத்தால் ஆற்றல் கூடும் என்று நினைத்து அதிகமாக வளைப்பவர்கள், அவ்வளவு விரிவதற்கு உள்ளே காற்றில் சூடு இல்லை என்பதை ஓடாத இயந்திரத்திடமிருந்து கற்றுக்கொள்கிறார்கள்.

எல்லாம் சொன்னபடி செய்தோம். ஓடவில்லையே?

இதுவே எங்களுக்கு மிக அதிகமாக வரும் கேள்வி. நேர்மையான விடை: முதல் முறையே ஓடிய இயந்திரம் எங்கள் பட்டறையில் இதுவரை ஒன்றுதான், அதுவும் ஏன் ஓடியது என்று அந்தக் குழுவுக்கே தெரியவில்லை. கண்டபடி எதையாவது மாற்றிப் பார்ப்பதை விட்டுவிட்டு, குறை வெப்பப் பக்கத்திலா இயந்திரப் பக்கத்திலா என்று முதலில் பிரித்தறிய வேண்டும்.

அதற்கு ஒரு சோதனை இருக்கிறது. சவ்வையும் நகர்த்தியையும் கிராங்கிலிருந்து கழற்றிவிடுங்கள். அடியில் மெழுகுவத்தியை ஏற்றி, மேலே ஐஸ் நீரை ஊற்றி, மூன்று நிமிடம் கழித்து நகர்த்தியின் கம்பியை விரல்களால் பிடித்து மெதுவாக மேலே தூக்கி இறக்குங்கள். ஒவ்வொரு முறையும் சவ்வு கண்ணுக்குத் தெரியும்படி உப்பி அடங்கினால் வெப்பப் பக்கம் நலமாக இருக்கிறது. குறை உராய்விலோ கிராங்கிலோ சமநிலையிலோதான். சவ்வு அசையாவிட்டால் கிராங்கைத் தொடவே வேண்டாம். காற்று எங்கோ கசிகிறது, அல்லது நகர்த்தி தன் வேலையைச் செய்யவில்லை. இந்தச் சோதனையைச் செய்யாமல் இரண்டு வாரம் கிராங்கை வளைத்து நிமிர்த்திக்கொண்டிருந்த குழுக்களைப் பார்த்திருக்கிறேன்.

கசிவைக் கண்டுபிடிக்க, சவ்வை விரலால் உள்ளே அழுத்திப் பிடித்தபடி ஒட்டுகளின்மேல் சோப்பு நீரைத் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். கம்பி மூடியைக் கடக்கும் குழலில் சிறிதளவு கசிவு இருந்தே தீரும். அங்கே ஒரு துளி மெல்லிய எண்ணெய் விட்டால் அது அடைப்பாகவும் வழுக்கலாகவும் ஒருங்கே பயன்படும். ஆனால் அது வழிந்து சவ்வைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். முழங்கைக் குழாய் டின்னின் வளைந்த சுவரோடு சேரும் இடமே பெரும்பாலும் குற்றவாளி. வட்டக் குழாயின் நுனியை அரத்தால் டின்னின் வளைவுக்கேற்பத் தேய்க்காமல் பசையை மட்டும் நம்பி அப்பியிருப்பார்கள். சென்ற ஆண்டு ஒரு மாணவி சோப்பு நீர் எதுவுமின்றி, ஒட்டுக்கு அருகே தன் ஈரமான உதட்டை வைத்து, குளிர்ச்சி தட்டுப்பட்ட இடத்தை நேராகக் காட்டினாள். மெழுகுவத்தி ஏற்றாதபோது மட்டும் செய்யக்கூடிய நல்ல முறை அது.

குறை இயந்திரப் பக்கம் என்று தெரிந்தால், சவ்வை மட்டும் கழற்றிவிட்டு உந்துசக்கரத்தைச் சுண்டிவிடுங்கள். ஐந்தாறு சுற்றாவது தானாகச் சுற்ற வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் எங்கோ உரசுகிறது. உரசும் இடத்தைக் கண்ணைவிடக் காதே விரைவாகக் கண்டுகொள்ளும்: நகர்த்தி டின்னின் சுவரில் படும் ஒலி மணலைக் கிளறுவது போலவும், கிராங்கு அதன் துளையில் இறுகும் ஒலி கீச்சென்றும் இருக்கும். சக்கரம் எப்போதும் ஒரே இடத்தில் வந்து நின்றால் அது உராய்வு அன்று. நகர்த்தியின் எடை அதைக் கீழே இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தில் ஒரு சிறிய நட்டைக் களிமண்ணால் ஒட்டி, எந்த நிலையில் விட்டாலும் சக்கரம் அப்படியே நிற்கும்வரை இடம் மாற்றிப் பாருங்கள்.

ஒரு நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றுவிடும் இயந்திரம் வேறு வகை. அதில் செய்திறன் குறை ஏதுமில்லை. மேல்பக்கமும் சூடேறிவிட்டது, அவ்வளவுதான்.

ஐஸ் உண்மையிலேயே தேவையா? வெளிநாட்டுக் காணொளிகளில் யாரும் ஐஸ் வைப்பதில்லையே?

அவர்களுடைய அறை 20 டிகிரியில் இருக்கிறது. மதியத்தில் நம் பட்டறை 32 டிகிரியில் இருக்கிறது. நம் குழாய்த் தண்ணீரே 27, 28 டிகிரியில்தான் வருகிறது. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதைக் கணக்குப் போட்டே காட்டலாம். எந்த வெப்ப இயந்திரமும், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும், வெப்பத்தில் ஒரு குறிப்பிட்ட பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது என்பதை 1824இல் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ காட்டினார். அந்தப் பங்கைக் காண, சூட்டுப்பக்க வெப்பநிலையிலிருந்து குளிர்ப்பக்க வெப்பநிலையைக் கழித்து, வந்ததைச் சூட்டுப்பக்க வெப்பநிலையால் வகுக்க வேண்டும். எல்லாம் கெல்வின் அளவில், அதாவது செல்சியஸோடு 273 கூட்டி. 80 டிகிரிச் சூட்டில் உள்ள கோப்பிக் குவளையின்மேல் ஓடும் சிறிய இயந்திரம், 20 டிகிரி அறையில் அதிகபட்சம் 17 விழுக்காட்டை எட்டலாம். நம் 32 டிகிரிப் பட்டறையில் அதே குவளைக்கு அது 13.6 விழுக்காடாகக் குறைகிறது. உண்மையான மாதிரி இயந்திரம் இந்த உச்சவரம்பில் ஒரு துளியைத்தான் எட்டும் என்றாலும், உராய்வோடு மல்லுக்கட்டும் சின்ன இயந்திரத்துக்கு அந்தக் குறைவே ஓடுவதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும்.

இதில் மாணவர்கள் மிகவும் விரும்பும் ஒரு திருப்பம் இருக்கிறது. கோப்பிக்குப் பதிலாக ஐஸ் கட்டியின்மேல் இயந்திரத்தை வைத்தால், அறைக்காற்றே சூட்டுப்பக்கம் ஆகிவிடுகிறது. அப்போது 20 டிகிரி அறையில் உச்சவரம்பு 6.8 விழுக்காடு, நம் பட்டறையில் 10.5 விழுக்காடு. கோப்பியில் தோற்ற நாம் ஐஸில் வெல்கிறோம்! அதோடு, சூடும் குளிரும் இடம் மாறியதால் சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும். காரணம் சொல்லாமல் முதலில் அதைச் செய்துகாட்டி, ஏன் என்று அவர்களையே கேட்க வேண்டும். இந்தச் சோதனைக்குப் பால் டின் இயந்திரம் போதாது. சிடி தட்டின் அகலத்தில் தட்டையாக, நகர்த்தியை மெத்துநுரையில் வெட்டி, குறைந்த வெப்பநிலை வேறுபாட்டுக்கென்றே செய்யப்படும் வகை வேண்டும். அவ்வகை இயந்திரத்தை 1980களில் முன்னோடியாக உருவாக்கிக் காட்டியவர் ஸாக்ரெப் பல்கலைக்கழகத்தின் ஈவோ கோலின். பால் டின்னில் ஒருமுறை வெற்றி கண்ட குழுவுக்கு அதையே அடுத்த வேலையாகக் கொடுக்கிறோம்.

எவ்வளவு ஐஸ் வேண்டும் என்பதையும் கணக்கிடலாம். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வெப்பத்தை விழுங்கும். ஒரு மெழுகுவத்தி சுமார் 80 வாட் வெப்பம் தருகிறது. பாதிக்கு மேல் டின்னைத் தொடாமலே பக்கவாட்டில் போய்விட, 30 வாட் மேல்பக்கத்தை எட்டுவதாக வைத்துக்கொண்டால், 100 கிராம் ஐஸ் சுமார் பதினெட்டு நிமிடம் தாங்கும். உருகிய நீரை அவ்வப்போது உறிஞ்சி எடுக்க ஊசியில்லாத மருந்துக் குழல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

நெருப்போடு விளையாடுவது ஆபத்தில்லையா? வெடித்துவிடாதா?

செம்பனை ஆலையில் பாய்லர் பார்க்கும் ஒரு தந்தை, தம் மகன் மூடிய டின்னைச் சூடாக்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு நேரிலேயே வந்து இதைக் கேட்டார். நியாயமான கேள்வி, பாய்லர் என்றால் என்னவென்று அறிந்தவர் கேட்க வேண்டிய கேள்வியும் அதுவே. ஆலையில் செம்பனை நாரையும் ஓட்டையும் எரித்து நீரை ஆவியாக்குகிறார்கள். நீர் ஆவியாகும்போது தன் கன அளவைப்போல் ஏறத்தாழ 1,700 மடங்கு இடம் கேட்கிறது. அந்த இடத்தைக் கொடுக்காவிட்டால் இரும்பைக் கிழித்துக்கொண்டு எடுத்துக்கொள்ளும். நம் டின்னில் இருப்பது வெறும் காற்று. 27 டிகிரியிலிருந்து 227 டிகிரிக்கு முழுவதுமாகச் சூடானாலும் அது தன் அளவில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே கூடுதலாக விரியும், அதற்கு முன்பே கையுறை ரப்பர் உப்பி விலகிவிடும். ஆகவே எங்கள் பட்டறையின் முதல் விதி: டின்னுக்குள் ஒரு துளி நீரும் இருக்கக் கூடாது. கழுவிய டின்னை வெயிலில் காயவைத்து, மூடுமுன் ஆசிரியர் விரலால் தடவிப் பார்த்த பிறகே பசை கலக்க அனுமதிக்கிறோம்.

உண்மையான ஆபத்துகள் வேறு இடத்தில் இருக்கின்றன. வெட்டிய தகர விளிம்பு முதலாவது. நாங்கள் கட்டுப்போட்ட காயங்களில் ஒன்றைத் தவிர மற்றவை எல்லாம் தகரத்தால் வந்தவை. இரண்டாவது ஸ்பிரிட் விளக்கு: பகல் வெளிச்சத்தில் அதன் சுடர் கண்ணுக்கே தெரியாது, எரிவது தெரியாமல் மேலும் ஊற்றப் போவார்கள். எனவே ஸ்பிரிட்டை முற்றிலும் விலக்கி, மெழுகுவத்தியை மட்டும் பயன்படுத்துகிறோம். கார்த்திகை அகலில் தேங்காய் எண்ணெய் ஊற்றியும் ஓட்டிப் பார்த்தோம். ஓடியது, ஆனால் அடித்தகட்டில் படிந்த கரி விரைவிலேயே சூட்டை மறைக்கத் தொடங்கியது. மெழுகுவத்தியிலும் சுடரின் நுனி மட்டும் தகட்டைத் தொடும்படி உயரத்தை அமைத்தால் கரி குறையும்.

இதனால் ஒரு விளக்கை எரியவைக்க முடியுமா?

சின்ன எல்இடி ஒன்றுக்குச் சுமார் 40 மில்லிவாட் வேண்டும். நன்றாக ஓடும் பால் டின் இயந்திரத்தின் மொத்த ஆற்றலே அந்த அளவை எட்டத் திணறும். அதில் மின்னாக்கியை மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். இதைக் கேட்டு மாணவர்கள் முகம் வாடுவது இயல்புதான். ஆற்றலை அளக்க ஆசையிருந்தால், தண்டில் நூலைச் சுற்றி ஒரு ரப்பர் துடைப்பானைத் தூக்க வையுங்கள்; எடையும் உயரமும் நேரமும் தெரிந்தால் வாட் கணக்கு வந்துவிடும்.

வெயிலில் ஓட்டலாமா?

வில்லையைக் கொண்டு வெயிலைக் குவித்து ஓட்டலாம், வெயில் நேராக விழும்வரை. நம் வானத்தில் முற்பகலிலேயே மேகம் திரண்டுவிடுகிறது. மேகத்தால் சிதறிய ஒளி எவ்வளவு வெளிச்சமாக இருந்தாலும் வில்லைக்கு அது குவியாது. பெரிய கிண்ண ஆடிகளோடு ஸ்டெர்லிங் இயந்திரத்தை இணைத்து மின்சாரம் எடுக்கும் முயற்சிகள் அமெரிக்காவின் பாலைவனப் பகுதிகளில் நடந்ததற்கு இதுவே காரணம். குவித்த வெயில் கண்ணைப் பறித்துவிடும் என்பதால் நாங்கள் இதை மாணவர்களிடம் கொடுப்பதில்லை.

இவ்வகை இயந்திரம் இன்று எங்கேனும் உண்மையாகப் பயன்படுகிறதா?

சுவீடனின் கோட்லாந்து வகை நீர்மூழ்கிக் கப்பல்களில். டீசலையும் திரவ ஆக்சிஜனையும் எரித்து, சத்தமின்றி, மேலே வராமல் பல நாள் நீருக்கடியில் இருக்க அவற்றுக்கு இது உதவுகிறது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1930களில், மின்சாரமில்லாத ஊர்களில் வானொலிப் பெட்டிக்கு மின்சாரம் தருவதற்காக இதை மீண்டும் கையில் எடுத்தது. அந்த ஆய்வின் போக்கில், இயந்திரத்தை வெளியிலிருந்து சுழற்றினால் அது குளிரூட்டியாக மாறும் என்பதைப் பயன்படுத்திக் காற்றையே திரவமாக்கும் பொறிகளைச் செய்தார்கள். வெப்பம் கொடுத்தால் சுற்றுகிறது, சுற்றினால் குளிர்விக்கிறது.

மாணவர்கள் அறிவியலை மலாயில் படிக்கிறார்கள். பட்டறையில் எந்தச் சொற்களைப் பயன்படுத்துகிறீர்கள்?

இரண்டையும். வெப்பம் என்று தமிழில் சொல்லும்போதே பாடநூலில் உள்ள ஹாபா இதுதான், அழுத்தம் என்பது தெக்கானான் என்று கரும்பலகையில் பக்கத்தில் எழுதிவிடுகிறோம். தேர்வுத்தாளில் மலாய்ச் சொல் வேண்டும். வீட்டில் பாட்டியிடம் இயந்திரத்தை விளக்கத் தமிழ்ச் சொல் வேண்டும்.

ஓடிய இயந்திரத்தை எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊர்க் காற்றின் ஈரம் ஐஸ் வைத்த மூடியில் வியர்வைபோல் படிந்து, குழல் வழியாக உள்ளேயும் இறங்கும்; இரும்பு நார் இரண்டே வாரத்தில் செந்துருவாகிவிடும். ஆகவே ஓட்டி முடித்ததும் ஐஸ் நீரைக் கொட்டிவிட்டு, மெழுகுவத்தியை மேலும் இரண்டு நிமிடம் எரியவிட்டு உள்ளே காயவையுங்கள். ஆறிய பின் சவ்வைக் கழற்றி, முகப்பவுடர் தூவி, வெயில் படாத டப்பாவில் தனியே வைத்துவிடுங்கள். வெயிலில் விட்ட இயற்கை ரப்பர் வெடித்துப் பொடியாகும். குழாயின் வாயைக் காற்றுப் புகாதபடி அடைத்துவிட வேண்டாம். பட்டறை அலமாரியில் வைக்கும்போது அந்த வாயில் ஒரு துணித்துண்டைச் செருகிவிடுங்கள். இல்லையேல் அடுத்த சனிக்கிழமைக்குள் குளவி உள்ளே மண்கூடு கட்டியிருக்கும்.